தூங்க வைக்கும் மருந்து: குழந்தைகளுக்கு அபின் ஊட்டிய வரலாறு

அழுகிற குழந்தையைத் தூங்க வைப்பதற்கு மனித இனம் கண்ட வழிகளுள் ஆட்டுவதும் பாடுவதும் மிகப் பழையவை. 18ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதி வரை வேறொரு வழியும் உலகின் பல பகுதிகளில் பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. குழந்தையின் நாவில் அபின் தடவுவது அல்லது அபின் கலந்த இனிப்புப் பாகை ஊட்டுவது என்பதே அவ்வழி. இங்கிலாந்தின் நெசவாலை நகரங்கள், அமெரிக்க நடுத்தர வர்க்க வீடுகள், பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகள் ஆகிய மூன்றிலும் இவ்வழக்கம் இருந்தது. பெற்ற தாய்மாரே பிள்ளைக்கு நஞ்சை ஊட்டியது ஏன், அவ்வழக்கம் எவ்வாறு மறைந்தது என்பவை தொழிலாளர் வரலாற்றோடும் சட்ட வரலாற்றோடும் பிணைந்த கேள்விகள்.

குழந்தைத் தூக்கத்தின் இயல்பு

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்குகிறது. ஆனால் அத்தூக்கம் தொடர்ச்சியானது அன்று. குழந்தையின் இரைப்பை சிறியது. தாய்ப்பால் விரைவில் செரித்துவிடும். எனவே இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசியால் விழித்துக்கொள்கிறது. இரவு, பகல் வேறுபாட்டை உணர்த்தும் உடற்கடிகாரமும் பிறக்கும்போதே அமைந்திருப்பதில்லை. அது சீரடைய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது.

ஆகவே இரவில் பலமுறை விழித்து அழுவது நோயன்று. குழந்தை பசியாறி வளர்வதற்கான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு ஈடுகொடுக்க அருகில் ஒருவர் இருந்தாக வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் பாட்டியோ அத்தையோ மூத்த பெண்குழந்தையோ அந்த வேலையைப் பகிர்ந்துகொண்டனர். பகிர ஆளில்லாத இடத்தில் முழுச்சுமையும் தாயின் மீது விழுந்தது.

தொட்டிலும் தாலாட்டும்

தமிழர் வாழ்வில் இதற்கென உருவான கருவி தூளி. பழஞ்சேலை ஒன்றை உத்தரத்திலோ மரக்கிளையிலோ கட்டினால் தூளி ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் இதனை ஏணை என்பர். களை பறிக்கவும் நாற்று நடவும் போகும் பெண்கள் வயலோரத்து மரத்தில் தூளியைக் கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டு வேலை செய்தனர். குழந்தை அழுதால் கரையேறி வந்து பால் கொடுத்து, ஆட்டிவிட்டுத் திரும்பினர். வேலையும் குழந்தையும் கூப்பிடு தொலைவுக்குள் இருந்தவரை இது இயன்றது.

தாலாட்டு என்னும் சொல்லில் உள்ள ‘தால்’ நாக்கைக் குறிக்கும். நாவை அசைத்து எழுப்பும் ஒலியே தாலாட்டின் தொடக்கம். இவ்வாய்மொழி மரபைப் பக்தி இலக்கியமும் ஏற்றுக்கொண்டது. பெரியாழ்வார் கண்ணனுக்கும், குலசேகராழ்வார் இராமனுக்கும் தாலாட்டுப் பாடினர். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் மூன்றாவதாகத் தாலப்பருவம் இடம்பெற்றது.

ஆட்டுவதும் பாடுவதும் வேறு பல பண்பாடுகளிலும் உண்டு. இவ்விரண்டுக்கும் பொதுவான தேவை ஒன்றே: தூங்க வைப்பவர் குழந்தையின் அருகில் சிறிது நேரம் இருக்க வேண்டும்.

அபின் வந்த வழி

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலை உலர்த்திப் பெறுவது அபின். சமையலில் பயன்படும் கசகசா விதையில் போதைப்பொருள் மிகக் குறைவு. அபினிலோ மார்ஃபின், கோடீன் போன்றவை செறிந்துள்ளன. இவை வலியையும் இருமலையும் வயிற்றுப்போக்கையும் குறைத்து உறக்கத்தை வருவிக்கும்.

அழுகிற குழந்தைக்குச் செடிமருந்து தரும் வழக்கம் பழையது. கி.மு. 1550ஐ ஒட்டியதாகக் கருதப்படும் எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில் குழந்தையின் அழுகையை நிறுத்தும் மருந்து ஒன்று குறிக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள செடியைக் கசகசாச் செடி என்று பலர் கொண்டாலும், அப்பொருள்கோள் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஐரோப்பாவில் இது கடைச்சரக்கானது 17, 18ஆம் நூற்றாண்டுகளில்தான். ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் அபினை மதுவில் ஊறவைத்து, குங்குமப்பூ, பட்டை, கிராம்பு சேர்த்து உருவாக்கிய லாடனம் மருத்துவர்களிடையே பெரும்புகழ் பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்ட்ஃபோர்டுஷயரைச் சேர்ந்த தாமஸ் காட்ஃப்ரே என்பவரின் பெயரால் ‘காட்ஃப்ரே கார்டியல்’ விற்பனைக்கு வந்தது. அபின், வெல்லப்பாகு, நீர், வாசனைப் பொருள்கள் ஆகியவற்றின் கலவை இது. காலப்போக்கில் இப்பெயர் தனி ஒருவரின் தயாரிப்பைக் குறிப்பதாக இல்லாமல், மருந்துக் கடைக்காரர்கள் தத்தம் விருப்பப்படி கலந்து விற்ற சரக்கின் பொதுப்பெயராயிற்று. டால்பி கார்மினேட்டிவ், அட்கின்சன் இன்ஃபண்ட்ஸ் பிரிசர்வேட்டிவ் முதலியனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

ஆலை நகரங்களில்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மான்செஸ்டர் உள்ளிட்ட லங்காஷயர் நகரங்களின் பருத்தி ஆலைகளில் பெண்கள் பெருந்தொகையாக வேலை செய்தனர். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை வழக்கமாயிருந்தது. பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேர வரம்பு 1847ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. பேறுகால விடுப்பு இல்லை. வேலைக்குப் போகாத நாளில் கூலியும் இல்லை. பிரசவித்த சில வாரங்களிலேயே பெண்கள் ஆலைக்குத் திரும்பினர்.

அவர்களுடைய குழந்தைகள் அண்டையிலுள்ள முதிய பெண்களிடமோ சிறுமிகளிடமோ கூலிக்கு விடப்பட்டன. ஒரே பெண் பல குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். தாய்ப்பால் கிடைக்காமல் பசியோடு அழும் குழந்தைகளை அடக்க அவர் கையில் இருந்தது காட்ஃப்ரே கார்டியல். மளிகைக் கடையிலும்கூட அது சில காசுக்குக் கிடைத்தது. நாட்டிங்ஹாமில் வீட்டிலேயே சரிகைப் பின்னல் வேலை செய்த தாய்மாரும் இதனைப் பயன்படுத்தினர். பின்னிய அளவுக்கே அவர்களுக்குக் கூலி. குழந்தை தூங்கும் நேரமே அவர்கள் சம்பாதிக்கும் நேரம்.

1840களில் அரசு விசாரணைக் குழுக்கள் இவ்வழக்கத்தைப் பதிவு செய்தன. ஃபிரடெரிக் எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட, இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலில் காட்ஃப்ரே கார்டியலைக் குறிப்பிடுகிறார். அதே ஆண்டில் வெளிவந்த பெஞ்சமின் டிஸ்ரேலியின் ‘சிபில்’ நாவலிலும் அது இடம்பெறுகிறது. சமூகத்தை நேரெதிர்க் கோணங்களில் பார்த்த இருவரின் கண்ணிலும் ஒரே குப்பி பட்டிருக்கிறது.

இந்த மருந்து குழந்தையை இரு வழிகளில் கொன்றது. முதலாவது, நேரடி நச்சு. அபின் மூளையின் மூச்சுக் கட்டுப்பாட்டை மந்தப்படுத்தும். குழந்தையின் ஈரலும் சிறுநீரகமும் முதிராதவை; ஆகவே மருந்து உடலைவிட்டு எளிதில் நீங்காது. கடைக்குக் கடை அபினின் அளவும் மாறியது. பாகின் அடியில் அபின் படிந்துவிட்டால், குப்பியின் கடைசிக் கரண்டி முதல் கரண்டியைவிடப் பலமடங்கு வலுவுடையதாகிவிடும். இரண்டாவது வழி மெதுவானது. மயக்கத்தில் கிடக்கும் குழந்தை பசித்து அழுவதில்லை; அழாத குழந்தைக்கு யாரும் பாலூட்டுவதில்லை. நாளடைவில் அது எலும்பும் தோலுமாகி இறந்தது. இத்தகைய சாவுகள் பலவும் நலிவு, வலிப்பு என்ற பெயர்களில் பதிவாயின.

இரு சான்றுகள்

தாய்மாரின் அறியாமையே இதற்குக் காரணம் என்று அக்காலச் சீர்திருத்தவாதிகள் பலர் எழுதினர். ஆனால் 1860களில் கிடைத்த இரண்டு சான்றுகள் வேறொன்றைக் காட்டின.

முதற்சான்று கிழக்கு இங்கிலாந்தின் ஃபென்ஸ் எனப்படும் சதுப்பு நிலப் பகுதியிலிருந்து வந்தது. ஆலைகளே இல்லாத அவ்வேளாண் பகுதியில் குழந்தை இறப்பு, ஆலை நகரங்களுக்கு இணையாக இருந்தது. அரசின் தலைமை மருத்துவ அலுவலர் ஜான் சைமன் இதனை ஆராய டாக்டர் ஹென்றி ஜூலியன் ஹண்டரை அனுப்பினார். ஹண்டரின் அறிக்கை 1864இல் வந்தது. சதுப்பு வடிகட்டப்பட்டு விளைநிலமானதும், பெண்கள் கூலிக் கூட்டங்களாக நெடுந்தொலைவிலுள்ள வயல்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். வீட்டில் விடப்பட்ட குழந்தைகளுக்கு அபின் ஊட்டப்பட்டது. ஆலை இல்லாவிட்டாலும் தாயின் பகற்பொழுது விலைபோனால் விளைவு ஒன்றாகவே இருந்தது.

இரண்டாவது சான்று லங்காஷயரிலிருந்து வந்தது. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியை எதிர்கொண்டன. நிலைமையை ஆராய அனுப்பப்பட்ட டாக்டர் எட்வர்டு ஸ்மித், அத்துயரத்தினூடே ஒரு நன்மையையும் கண்டார். வேலையிழந்து வீட்டிலிருந்த தாய்மாருக்குக் காட்ஃப்ரே கார்டியலை விட்டுவிட்டுத் தாய்ப்பால் கொடுக்க நேரம் கிடைத்திருந்தது. அதே தாய்மார், அதே கல்வியறிவு. மாறியது அவர்களுடைய நேரம் மட்டுமே. கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதல் தொகுதியில் ஹண்டர், ஸ்மித் ஆகிய இருவரின் அறிக்கைகளையும் எடுத்தாண்டுள்ளார்.

1868ஆம் ஆண்டு மருந்தகச் சட்டம் அபின் விற்பனையை மருந்தாளுநர்களுக்கு வரையறுத்தது. எனினும் காப்புரிமைப் பெயரில் விற்கப்பட்ட மருந்துகளுக்கு விலக்கு அளித்ததால், குழந்தைகளுக்கான பாகுகள் பல தப்பின.

அமெரிக்காவின் சூதிங் சிரப்

1849இல் மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில் கர்ட்டிஸ், பெர்க்கின்ஸ் என்னும் இருவர் ‘மிசஸ் வின்ஸ்லோ சூதிங் சிரப்’ என்ற பாகை விற்கத் தொடங்கினர். சார்லட் வின்ஸ்லோ என்ற செவிலியின் மருந்துக் குறிப்பு என்பது விளம்பரம். பல் முளைக்கும் குழந்தையின் வலிக்கும் அழுகைக்கும் அருமருந்து எனக் கூறப்பட்டது. தாயும் சேயும் அமைதியாகக் காட்சிதரும் வண்ண அட்டைகள், நாட்காட்டிகள், சமையல் குறிப்பேடுகள் வழியாக அது வீடுதோறும் சென்றது. கடல் கடந்து பிரிட்டனிலும் விற்றது.

இப்பாகில் ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் மார்ஃபின் இருந்தது. ஐந்து மில்லிலிட்டர் தேக்கரண்டி ஒன்றில் சுமார் 11 மில்லிகிராம் சேரும். கடும் வலிக்கு வளர்ந்தவர்களுக்கு ஊசி வழியே தரப்படும் வழக்கமான அளவு 10 மில்லிகிராம். வாய்வழி உட்கொள்ளும் மார்ஃபினில் ஒரு பகுதியே இரத்தத்தில் சேரும் என்றாலும், கைக்குழந்தைக்கு அது பேராபத்தான அளவே. குப்பியில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. எனவே வாங்கிய தாய்க்கு மார்ஃபின் ஊட்டுகிறோம் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1905இல் செய்தியாளர் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ், ‘காலியர்ஸ்’ இதழில் காப்புரிமை மருந்துகளின் மோசடியைத் தொடர்கட்டுரைகளாக வெளிப்படுத்தினார். 1906 ஜூன் 30 அன்று தூய உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறியது. அது அபினைத் தடைசெய்யவில்லை; அபின், மார்ஃபின், ஆல்கஹால் போன்றவை இருந்தால் அவற்றின் அளவைச் சீட்டில் குறிக்க வேண்டும் என்று மட்டுமே கூறியது. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிட்ட போலி மருந்துகள் பற்றிய தொகுப்பு, வின்ஸ்லோ பாகைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் சேர்த்தது. பின்னாளில் அப்பாகிலிருந்து மார்ஃபின் நீக்கப்பட்டது.

பம்பாயின் ‘பாலா கோலி’

லங்காஷயரை முடக்கிய அமெரிக்கப் போர் பம்பாயின் பருத்தி வணிகத்தைச் செழிக்க வைத்தது. அங்கு முதல் பருத்தி ஆலையைக் காவஸ்ஜி தாவர் 1854இல் நிறுவியிருந்தார். நூற்றாண்டின் இறுதிக்குள் பம்பாய் பெரும் ஆலை நகரமாயிற்று.

மேற்கு இந்தியாவில் குழந்தைகளுக்குச் சிறிதளவு அபின் கொடுக்கும் வழக்கம் ஆலைகளுக்கு முன்பே இருந்தது. 1893 முதல் 1895 வரை செயல்பட்ட அரச அபின் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தவர்கள் பலர் இதைக் குறிப்பிட்டனர். ஆலை வாழ்க்கை அவ்வழக்கத்தை அன்றாடத் தேவையாக்கியது. ஒற்றையறைக் குடியிருப்பில் குழந்தையை விட்டுவிட்டு விடியற்காலையில் ஆலைக்குச் செல்லும் தாய், ‘பாலா கோலி’ எனப்பட்ட அபின் உருண்டையைக் கொடுத்துவிட்டுச் சென்றாள். அபின் விற்பனை அரசின் உரிமம் பெற்ற கடைகளில் நடந்தது. அதன் வருவாய் அரசுக்குச் சென்றது.

1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு பேறுகாலப் பாதுகாப்பு உடன்படிக்கையை ஏற்றது. அதைத் தொடர்ந்து பம்பாய் அரசு டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவரை ஆலைப் பெண்களின் நிலையை ஆராய அமர்த்தியது. 1922இல் வெளியான அவரது அறிக்கை, பெண் தொழிலாளர்களின் குழந்தைகளில் 98 விழுக்காட்டினருக்கு அபின் கொடுக்கப்படுவதாகக் கூறியது. சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1926இல் எழுதிய ‘இந்தியாவில் அபின் தீமை’ என்ற நூல், இந்தியாவின் அபின் பழக்கத்தில் பிரிட்டிஷ் அரசுக்குள்ள பொறுப்பைச் சுட்டிக்காட்டியது.

தொட்டிலுக்கு ஓர் அறை

தாய்மாரைக் கண்டிப்பதால் பயனில்லை என்பதை இந்தியத் தொழிலாளர் இயக்கம் தெளிவாக உணர்ந்தது. பேறுகால உதவிக்காக என்.எம். ஜோஷி 1924இல் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா தோற்றது. பம்பாய்ச் சட்ட மேலவையில் அத்தகைய மசோதா 1928இல் விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கு உரியது என்பது அவர் வாதம். 1929இல் பம்பாய் பேறுகால நலச் சட்டம் நிறைவேறியது. சென்னை மாகாணமும் 1934இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது.

1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்கச் செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு வழங்கியது. விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியது. 1976இல் அவ்வரம்பு முப்பது பெண்களாகக் குறைக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் இதனை விரிவுபடுத்தியது. இலங்கை மலையகத் தோட்டங்களில் இத்தகைய காப்பகம் ‘பிள்ளைக் காம்பிரா’ எனப்படுகிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வர்.

சட்டம் ஏட்டிலிருந்த இடமெல்லாம் தொட்டில் ஆடிவிடவில்லை. சட்டத்தின் வரம்புக்குள் வராத கட்டட வேலை, செங்கற்சூளை, வீட்டு வேலை ஆகியவற்றில் ஈடுபட்ட பெண்களுக்கு அந்த அறை கிடைக்கவில்லை. ஆனால் குழந்தையின் தூக்கம் குடும்பத்தின் பொறுப்பு மட்டுமன்று, வேலை வாங்குபவரின் பொறுப்பும் ஆகும் என்ற கொள்கை இச்சட்டங்களால் நிலைபெற்றது.

குப்பியின் எச்சங்கள்

அபின் மறைந்த பின்பும் ‘ஒரு கரண்டியில் தூக்கம்’ என்ற எதிர்பார்ப்பு மறையவில்லை. 1851இல் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்டு உருவாக்கிய கிரைப் வாட்டர் தமிழ் வீடுகளுக்கும் பழக்கமானது. அதில் அபின் இல்லை. ஆயினும் நெடுங்காலம் ஆல்கஹால் கலந்திருந்தது. பிரிட்டனில் 1990களில்தான் அது நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் உரைமருந்தோடு சாதிக்காயை இழைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அளவு மீறிய சாதிக்காய் குழந்தைக்கு நஞ்சாகும் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். சளி மருந்துகள் உறக்கம் தருவதால் அவற்றைத் தூங்க வைக்கப் பயன்படுத்துவோரும் உண்டு. புரோமெத்தசின் என்ற மருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சை நிறுத்தக்கூடும் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் அதன் மீது கடும் எச்சரிக்கையைப் பொறிக்கச் செய்தது.

பழைய வழியின் பக்கம் அறிவியல் அண்மையில் சான்று சேர்த்துள்ளது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடா குழுவினர், தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அதன் இதயத்துடிப்பு தணிந்து அழுகை குறைவதை 2013இல் காட்டினர். உட்கார்ந்தபடி வைத்திருப்பதால் அதே பயன் கிட்டவில்லை. 2022இல் வெளியான அவர்களுடைய அடுத்த ஆய்வு, படுக்கையில் கிடத்தும்போது தாயின் உடல் விலகும் கணத்தில்தான் குழந்தை விழிப்படைகிறது என்று கண்டது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் சீராக நடந்து, தூங்கியபின் மேலும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து, பிறகு கிடத்தலாம் என்பது அவர்களின் பரிந்துரை.

மொத்தம் கால் மணி நேரத்துக்கும் குறைவு. காலையில் சங்கு ஊதும் முன் ஆலைக்குள் நுழைந்தாக வேண்டிய பம்பாய்த் தாய்க்கும், பின்னிய அளவுக்கே கூலி பெற்ற நாட்டிங்ஹாம் தாய்க்கும் அந்தக் கால் மணி நேரம் ஒரு நாளில் பலமுறை தேவைப்பட்டது; ஒருமுறைகூடக் கிடைப்பது அரிதாயிருந்தது.